பெரும்பாடு: காரணம் தெரியாமல் கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம்

‘பெரும்பாடு’ என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாதவிடாயில் அளவுக்கு மீறி உதிரம் போவதற்கு சித்த மருத்துவத்திலும் இதே பெயர்தான். அந்தப் பாட்டை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். வேலைக்குப் போக முடியாது, பஸ்ஸில் உட்காரப் பயம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டில் சொன்னால், “பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்று பதில் வரும்.

இப்படியே வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, ஒரு நாள் மயங்கி விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், “கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்கிற முடிவு வேகமாக வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்வதற்கும் எடுத்துவிடுவதற்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதுதான் காரணத்தைக் கண்டுபிடிப்பது.

“அதுக்கெல்லாம் பெரிய மெஷின் வேணுமே, மதுரைக்குப் போகணுமே” என்று நினைக்காதீர்கள். வத்திராயிருப்பு வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற கான்சாபுரம் போன்ற ஊரில் இருந்துகொண்டே காரணத்தைத் தேடும் வேலையில் பெரும்பகுதியைத் தொடங்கிவிடலாம். எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம் வாங்க.

எது இயல்பு, எது இயல்பு இல்லை?

உலக மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபிகோ 2018-ல் தந்த அளவுகோல் எளிமையானது.

• ஒரு மாதவிடாயின் முதல் நாளில் இருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை 24 முதல் 38 நாட்கள் இருந்தால் இயல்பு.
• உதிரப்போக்கு 8 நாட்களுக்குள் நின்றால் இயல்பு.
• இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் உதிரம் படக்கூடாது.
• உடலுறவுக்குப் பிறகு உதிரம் படுவது எந்த வயதிலும் இயல்பு இல்லை.
• மாதவிடாய் முழுமையாக நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் இயல்பு இல்லை.

சரி, ‘அதிகம்’ என்பதற்கு என்ன அளவு? ஒரு மாதவிடாயில் 80 மில்லி லிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் யாரும் வீட்டில் அளந்து பார்க்க முடியாது. அதனால் இப்போது மருத்துவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள்: உதிரப்போக்கு உங்கள் வேலையை, தூக்கத்தை, வெளியே போவதைத் தடுக்கிறதா? ஆம் என்றால் அது கவனிக்க வேண்டிய பிரச்சினை. அளவு தெரியவில்லை என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது.

80 மில்லி என்ன பெரிய அளவா என்று தோன்றலாம். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் இருந்து உடல் உறிஞ்சுவது ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாதாமாதம் வரவுக்கு மேல் செலவு ஆனால் கையிருப்பு கரையத்தானே செய்யும்? அப்படிக் கரைவதுதான் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. சாப்பாடு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. மாதவிடாயில் எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் கருவி: ஒரு நோட்டு, ஒரு பேனா

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு மாதவிடாயையாவது எழுதி வையுங்கள். 1990-ல் இருந்து உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. கணக்கு இப்படி:

• லேசாகக் கறை பட்ட நாப்கின் ஒன்றுக்கு 1 மதிப்பெண்
• பாதி அளவு நனைந்ததற்கு 5
• முழுவதும் நனைந்ததற்கு 20
• சிறிய ரத்தக்கட்டி ஒன்றுக்கு 1, பெரிய கட்டிக்கு 5

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் பாதி நனைந்தது 2, ஆக 10. இரண்டாம் நாள் முழுக்க நனைந்தது 3, பாதி நனைந்தது 2, பெரிய கட்டி 1, ஆக 75. மூன்றாம் நாள் முழுக்க நனைந்தது 1, பாதி நனைந்தது 2, ஆக 30. நான்காம் நாள் லேசான கறை 2, ஆக 2. மொத்தம் 117. நூறைத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இது தோராயக் கணக்குதான். துணி பயன்படுத்துபவர்களுக்கு இந்த மதிப்பெண் அப்படியே பொருந்தாது. அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை துணி மாற்றினார்கள், இரவில் எழுந்து மாற்ற வேண்டி இருந்ததா, கட்டி கட்டியாகப் போனதா என்று எழுதினாலே போதும்.

இன்னும் நான்கு விஷயம் அதே நோட்டில் இருக்கட்டும்: கடந்த மூன்று மாதவிடாய் தொடங்கிய தேதிகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், காப்பர் டி அல்லது கருத்தடை ஊசி போட்ட தேதி, வலி எப்போது வருகிறது என்பது. கூட்டமான வெளிநோயாளி பிரிவில் மருத்துவரிடம் உங்களுக்குச் சில நிமிஷம்தான் கிடைக்கும். இந்த ஒரு பக்கம் இருந்தால் அந்தச் சில நிமிஷமே போதும்.

ஒன்பது காரணங்கள்

அதிக உதிரப்போக்கு என்பது நோயின் பெயர் இல்லை, அது ஒரு அறிகுறி. காய்ச்சல் மாதிரி. காரணங்களை வரிசைப்படுத்த ஃபிகோ 2011-ல் ‘பாம்-கோயின்’ என்று ஒரு முறையை வெளியிட்டது. காரணங்களின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். உள்ளங்கையில் காசு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளங்கையில் நான்கு காரணங்கள். இவை கர்ப்பப்பையின் அமைப்பில் வரும் மாற்றங்கள். ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ பார்க்க முடிபவை.

1. பாலிப்: கர்ப்பப்பையின் உள்ளே தொங்கும் சிறு சதை வளர்ச்சி. நடுநடுவே உதிரம் பட வைக்கும்.
2. அடினோமயோசிஸ்: கர்ப்பப்பையின் உள்சவ்வு, தசைச் சுவருக்குள் புகுந்து வளர்வது. அதிக உதிரத்தோடு கடும் வலியும் வரும்.
3. ஃபைப்ராய்டு எனப்படும் தசைநார்க் கட்டி: பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பல கட்டிகளுக்கு சிகிச்சையே தேவைப்படாது. மாதவிடாய் நின்ற பின் தானாகச் சுருங்கும். கர்ப்பப்பையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கட்டிதான் அதிகம் தொல்லை தரும்.
4. புற்றுநோய், அதற்கு முந்தைய நிலையான உள்சவ்வுத் தடிப்பு.

காசில் ஐந்து காரணங்கள். இவற்றை ஸ்கேன் காட்டாது. கேள்வி கேட்டும் ரத்தம் பார்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

5. ரத்தம் உறைவதில் குறை.
6. சினைமுட்டை ஒழுங்காக வெளியேறாதது. நீர்க்கட்டிப் பிரச்சினை, தைராய்டு, உடல் பருமன், அதிக மன அழுத்தம் எல்லாம் இதற்குப் பின்னால் இருக்கலாம்.
7. கர்ப்பப்பை உள்சவ்விலேயே உள்ள கோளாறு. தொற்று இதில் ஒன்று.
8. மருந்தாலோ சாதனத்தாலோ வருவது. காப்பர் டி போட்ட முதல் சில மாதங்கள், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஹார்மோன் ஊசி ஆகியவை.
9. இவை எதிலும் சேராதவை.

எட்டாவது காரணத்தில் நம்ம பக்கத்து சங்கதி ஒன்று இருக்கிறது. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டம், சதுரகிரி ஆடி அமாவாசை, வீட்டுக் கல்யாணம் என்றால் மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது பலருக்கும் வழக்கம். அது ஹார்மோன் மாத்திரை. நிறுத்திய சில நாளில் உதிரம் வரும். சிலருக்கு அதிகமாகவும் வரும், அடுத்த மாதக் கணக்கும் குழம்பும். அதைச் சொல்லாமல் மறைத்தால் மருத்துவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். சாப்பிட்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் முதல் சோதனை: கர்ப்பமா?

மாதவிடாய் வரும் வயதில் உள்ள யாருக்கு உதிரப்போக்கு மாறினாலும் முதலில் செய்ய வேண்டியது சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. சில நிமிஷத்தில் முடிவு தெரியும், செலவும் மிகக் குறைவு. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

“நான்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சுட்டேனே” என்று இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகும் மிக அபூர்வமாகக் கரு தங்குவது உண்டு. அப்படித் தங்கினால் அது கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் இருக்க வாய்ப்பு கூடுதல். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. உதிரப்போக்கோடு ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள், காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு பேச்சும் ஊரில் உண்டு: “ஆபரேஷன் செஞ்சதில் இருந்துதான் இப்படிப் போகுது.” அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியான பெரிய ஆய்வு, குடும்பக் கட்டுப்பாடு அறுவை மாதவிடாய்க் கோளாறை உண்டாக்குவதில்லை என்று காட்டியது. அதனால் பழியை ஆபரேஷன் மேல் போட்டுவிட்டு உண்மைக் காரணத்தைத் தேடாமல் இருந்துவிடக் கூடாது.

வயது சொல்லும் செய்தி

வசதி குறைந்த இடத்தில் வயதே ஒரு நல்ல துப்பு.

பூப்பெய்திய முதல் சில வருஷம்: மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது பெரும்பாலும் உடல் பழகும் வரைதான். ஆனால் முதல் மாதவிடாயில் இருந்தே அதிகமாகப் போனால் ரத்தம் உறையும் குறை இருக்கலாம். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா? பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவில்லையா? லேசாக இடித்தாலே நீலம் பூக்குமா? அம்மாவுக்கோ சித்திக்கோ பிரசவத்தில் அதிகம் ரத்தம் போனதா? இந்தக் கேள்விகளுக்குக் காசு செலவில்லை. ‘ஆம்’ என்று பதில் வந்தால் ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

20 முதல் 40 வரை: கர்ப்பம், கருச்சிதைவு, தொற்று, காப்பர் டி, நீர்க்கட்டி, தைராய்டு, ஃபைப்ராய்டு, பாலிப்.

40-க்கு மேல்: மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து ஹார்மோன் மாற்றம் பொதுவான காரணம்தான். “நிக்கப் போற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி, இந்த வயதில்தான் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோயின் ஆபத்து ஏறத் தொடங்குகிறது. அதனால் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு உள்சவ்வில் இருந்து சிறிது திசு எடுத்துச் சோதிக்கும்படி இந்திய மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு சொல்கிறது. உடல் பருமன், சர்க்கரை நோய், பல வருஷமாக ஒழுங்கற்ற மாதவிடாய் உள்ளவர்களுக்கு 40-க்கு முன்பே இது தேவைப்படலாம்.

மாதவிடாய் நின்ற பிறகு: ஒரு தடவை பட்டாலும் பரிசோதனை அவசியம். கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் வந்த பெண்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இந்த உதிரப்போக்கு இருந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பயந்துவிடாதீர்கள், கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். இப்படி உதிரம் பட்டு வந்த பெண்களில் புற்றுநோய் இருந்தது சுமார் 9 சதவீதம் பேருக்குத்தான். பத்தில் ஒன்பது பேர் நிம்மதியாக வீடு திரும்பலாம். அந்தப் பத்தாவது ஆளுக்கு, சீக்கிரம் வந்ததே உயிரைக் காப்பாற்றும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னென்ன பார்க்கலாம்?

• நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். எவ்வளவு ரத்தம் இழந்திருக்கிறார் என்பதன் முதல் அடையாளம்.
• ஹீமோகுளோபின். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழ் இருந்தால் கடுமையானது.
• கர்ப்பப் பரிசோதனை, சர்க்கரை அளவு.
• வயிற்றைத் தொட்டுப் பார்த்தல். பெரிய ஃபைப்ராய்டு கைக்குத் தட்டுப்படும்.
• கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயை நேரடியாகப் பார்த்தல். உதிரம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பது இதில்தான் தெரியும். சில நேரம் சிறுநீர்ப் பாதையில் இருந்தோ மூலத்தில் இருந்தோ வரும் ரத்தத்தைக் கர்ப்பப்பையில் இருந்து வருவதாக நினைத்துவிடுகிறோம்.

கடைசியாகச் சொன்னதற்குத்தான் பலர் கூச்சப்படுகிறார்கள். உங்களோடு ஒரு பெண் துணை உள்ளே இருக்கட்டும் என்று கேட்கலாம், பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டும் என்றும் கேட்கலாம். ஆனால் பரிசோதனையையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயை வெறும் கண்ணால் பார்த்தே சந்தேகிக்க முடியும். பார்க்காவிட்டால் அதுவும் முடியாது.

காரணம் தெரியும் வரை ரத்தசோகை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை அன்றே தொடங்கலாம். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாக உறிஞ்சும், டீ காபியோடு சாப்பிட்டால் குறையும். மலம் கறுப்பாகப் போவது இயல்புதான். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மருத்துவர் சொல்லும் காலம் வரை சாப்பிட்டால்தான் கையிருப்பு நிறையும்.

திண்டுக்கல் சொல்லிக்கொடுத்த பாடம்

“வசதி இல்லாத இடத்தில் என்ன கண்டுபிடிக்க முடியும்?” என்ற கேள்விக்கு உலகமே திரும்பிப் பார்த்த பதில் நம் தமிழ்நாட்டில் இருந்துதான் போனது.

கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தால், மாறத் தொடங்கிய திசு வெள்ளையாகத் தெரியும். நம் சமையலறை வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். மைக்ராஸ்கோப் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் பிற நிறுவனங்களோடு சேர்ந்து 2000-ல் இதைச் சோதிக்கத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே ஊர் ஊராகப் போய் ஒரே ஒரு முறை பரிசோதனை செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் 49,311 பெண்கள், ஒப்பிடும் குழுவில் 30,958 பெண்கள்.

2007-ல் வெளியான முடிவு: பரிசோதனைக் குழுவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்தது, அதனால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. அதே 2007-ல் தமிழ்நாடு அரசு, சுகாதார அமைப்புத் திட்டத்தின் கீழ் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முன்னோடியாகத் தொடங்கிப் பிறகு விரிவுபடுத்தியது. இன்று 30 வயது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான முன்கூட்டிய பரிசோதனை. உதிரம் போய்க்கொண்டிருக்கும்போது இதைச் சரியாகப் பார்க்க முடியாது. உடலுறவுக்குப் பின் உதிரம், நடுநடுவே உதிரம் என்று அறிகுறி இருப்பவர்கள், “போன வருஷம் டெஸ்ட் செஞ்சாச்சு, ஒண்ணும் இல்லைன்னாங்க” என்று விட்டுவிடக் கூடாது. இந்தப் பரிசோதனை கர்ப்பப்பையின் வாயைத்தான் பார்க்கும். உள்ளே இருக்கும் சவ்வைப் பற்றி எதுவும் சொல்லாது.

எப்போது பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

உடனே, 108-ல்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைவது இரண்டு மணி நேரமாகத் தொடர்ந்தால், மயக்கம், படபடப்பு, உடல் வெளிறிப் போதல் இருந்தால், கர்ப்பமாக இருந்து உதிரம் போனால்.

சில நாட்களுக்குள்: மாதவிடாய் நின்ற பின் உதிரம், உடலுறவுக்குப் பின் உதிரம், ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ், 40 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய அதிக உதிரம், மூன்று மாத மருந்துக்குப் பிறகும் குறையாதது.

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. முன்பெல்லாம் அதற்கு மேல் என்றால் மதுரை என்றுதான் சொல்வார்கள். 2022 ஜனவரி 12-ம் தேதி விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, மாவட்டத்துக்குள்ளேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அங்கே போனால் ஸ்கேன் எடுப்பார்கள். மாதவிடாய் நின்றவருக்கு உள்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தாலோ உதிரம் திரும்பத் திரும்ப வந்தாலோ திசுப் பரிசோதனை தேவை. பல நேரம் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, மயக்க மருந்து இல்லாமல் வெளிநோயாளி பிரிவிலேயே திசு எடுத்துவிட முடியும். ஸ்கேனில் ‘ஃபைப்ராய்டு’ என்று எழுதியிருந்தாலே அதுதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. உதிரம் கூடுதலாகப் போகாத பெண்களுக்கும் ஃபைப்ராய்டு இருக்கும். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால்...

சிலருக்கு அறுவை சிகிச்சைதான் சரியான வழி. புற்றுநோய் என்றால் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் காரணம் தெரியாமல் எடுப்பது வேறு விஷயம்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்படுகிறது என்று மருத்துவர் நரேந்திர குப்தா 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-ல் தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும் என்று அவை சொல்கின்றன. 2023 ஏப்ரல் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அவற்றை ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

ஆகவே கேள்வி கேட்பது உங்கள் உரிமை. ஒப்புதல் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. எனக்கு உதிரம் போவதற்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள்?
2. திசுப் பரிசோதனை செய்தாச்சா? முடிவு என்ன?
3. மாத்திரை, ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனம் போன்ற வேறு வழி எனக்குப் பொருந்துமா?
4. கட்டியையோ பாலிப்பையோ மட்டும் எடுத்தால் போதுமா?
5. சினைப்பையையும் சேர்த்து எடுப்பீர்களா? ஏன்?

ஐந்தாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சிறு வயதில் சினைப்பையும் போனால் உடனே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். உடல் திடீரெனச் சூடேறுவது, எலும்பு தேய்வது, இதய நோய் ஆபத்து எல்லாம் முன்கூட்டியே வரும். பதில் திருப்தியாக இல்லை என்றால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களை வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

நீங்களே சொல்லுங்கள்: மூன்று பேர், மூன்று காரணம்

படித்ததைச் சரிபார்க்க ஒரு சிறு பயிற்சி. மூவரும் கற்பனைதான்.

முதலாமவர், 15 வயது மாணவி. முதல் மாதவிடாயில் இருந்தே பத்து நாள் போகிறது. பல் ஈறில் அடிக்கடி ரத்தம். ஹீமோகுளோபின் 7.5. இவருக்கு ‘வயசுக் கோளாறு’ என்று சொல்லி அனுப்பலாமா? கூடாது. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ், அதோடு ஈறில் ரத்தம். உறைதல் குறைக்கான சோதனை வேண்டும்.

இரண்டாமவர், 34 வயது, ராஜபாளையம் பக்கம் மில் வேலை. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர். மாதவிடாய் இரண்டு வாரம் தள்ளிப்போய் இப்போது விட்டு விட்டுப் படுகிறது, வலது அடிவயிற்றில் வலி. முதல் சோதனை? கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் என்று வந்தால் அடுத்த நிமிஷம் 108.

மூன்றாமவர், 56 வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருஷம். போன வாரம் ஒரே ஒரு நாள் லேசாகக் கறை பட்டது, பிறகு இல்லை. வலியும் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூவரில் மிகக் குறைவாக உதிரம் போனது இவருக்குத்தான். ஆனாலும் இவரைத் தள்ளிப்போடவே முடியாது. ஸ்கேனும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் இவருக்கு வேண்டும்.

கவனித்தீர்களா? மூன்றிலும் முதல் முடிவை எடுக்க உதவியது நல்ல கேள்விகளும், ஒரு ஹீமோகுளோபின் சோதனையும், ஒரு கர்ப்பச் சோதனையும்தான்.

உங்களுக்கான அரசு சேவைகள்

• 104: மருத்துவ ஆலோசனை தொலைபேசி எண். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதலில் இதில் கேளுங்கள்.
• 108: அவசர ஆம்புலன்ஸ், இலவசம்.
• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் உதிரப்போக்கு பற்றியும் சொல்லலாம். எந்த நாளில் எந்த மருத்துவர் வருவார் என்று விசாரிக்க அவர் உதவுவார்.
• புதுயுகம் திட்டம்: கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை பள்ளிகளில் தரப்படுகிறது.
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று கேட்க 1800 425 3993.
• மகளிர் விடியல் பயணம்: சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மறுபரிசோதனைக்குப் போக பஸ் காசு ஒரு தடையாக இருக்க வேண்டாம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் அம்மாவோ மனைவியோ மகளோ அடிக்கடி களைப்பாக இருக்கிறார் என்றால், “என்ன செய்யுது?” என்று ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். பதில் சொல்லக் கூச்சப்பட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிப் போங்கள்.

அடுத்த மாதவிடாய் தொடங்கும் நாளில் நோட்டில் தேதி போடுங்கள். கணக்கு நூறைத் தாண்டினால், அல்லது மேலே சொன்ன அறிகுறி ஒன்று இருந்தாலும், அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள்.